பழவேற்காட்டு சைக்கிளுக்குப் பாதை உண்டா?

சென்னை பெரிதாகிவிட்டது. ஒரே ஒரு அரசாணையில்!

1,189 சதுர கி.மீ. இருந்த சென்னைப் பெருநகர் பகுதியை 5,904 சதுர கி.மீ. ஆக்கி 2022 அக்டோபரில் உத்தரவு போட்டார்கள். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கமெல்லாம் கோட்டுக்குள் வந்துவிட்டது. ஏரிக்கரையில் வலை காயப்போட்டுக் கொண்டிருந்த பழவேற்காட்டு மீனவரும் ராத்திரியோடு ராத்திரியாகப் பட்டணத்துக்காரர் ஆகிவிட்டார்.

பட்டணம் வந்ததற்கு அவர் கண்ட அடையாளம் என்ன? லாரி!

காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்கு இரவு பகலாகக் கன்டெய்னர் லாரி ஓடுகிறது. குப்பத்துப் பையன்கள் பலர் அந்தத் துறைமுகங்களுக்கும் அனல் மின் நிலையங்களுக்கும்தான் கூலி வேலைக்குப் போகிறார்கள். போகும் வழி, காட்டுப்பள்ளி கடலோரச் சாலை. கடல் சீறினால் அலை ஏறி வந்து அந்தச் சாலையை மணல் போட்டு மூடிவிடும். அன்றைக்கு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவன் இருட்டில் லாரிக்கும் மணலுக்கும் நடுவே வீடு வந்து சேர வேண்டும்.

60 சதவீதம் எங்கே?

சைக்கிளுக்குத் திட்டமே இல்லையா? இருக்கிறது! 2014-லேயே சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்றது. நல்ல கொள்கை. யாரும் குறை சொல்ல முடியாது. 2019-ல் வாடகை சைக்கிள் வந்தது. அதே ஆண்டு பாண்டி பஜாரில் அகல நடைபாதை வந்தது. ஜனங்கள் காற்று வாங்க நடந்தார்கள்.

ஆனால் மாநகராட்சியின் எல்லை எண்ணூரோடு முடிகிறது. கொள்கையும் அங்கேயே இறங்கிக்கொண்டது!

எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தது என்ன? எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் வரை சுமார் 133 கி.மீ. நீளத்துக்கு எல்லைச் சாலை. ஆறு வழி! அதன் முதல் பகுதி தச்சூர் வரை, சுமார் 25 கி.மீ. துறைமுக லாரி ஊருக்குள் நுழையாமல் போக அது தேவைதான். மறுக்கவில்லை. லாரிக்கு ஆறு வழி போடத் தெரிந்தவர்களுக்கு சைக்கிளுக்கு ஆறடி விடத் தெரியாதா என்பதுதான் கேள்வி.

பெசன்ட் நகரில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டினால் அது உடற்பயிற்சி. பழவேற்காட்டில் திங்கட்கிழமை ஓட்டினால் அது பிழைப்பு. கேரியரில் ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் நண்டும் இறாலும். ஐஸ் கரைவதற்குள் விற்றாக வேண்டும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். "ஓரம் போய்யா!" ஓரம் எங்கே இருக்கிறது, போவதற்கு?

கூடைக்கு இடமில்லை

பெண்கள் பாடு இதைவிட மோசம். ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கும் பொன்னேரிக்குப் போக வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரிய உதவிதான். ஆளுக்கு இடம் கிடைத்தது. கூடைக்கு?

அதே 2021 கடைசியில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். மீன் விற்றுவிட்டு வந்த வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று பஸ்சிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். விவகாரம் அத்தோடு முடிந்தது. பஸ்சில் கூடை வைக்க ஒரு தட்டு அடித்தார்களா என்றால், அந்தப் பேச்சே இல்லை. அதே ஆண்டு திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே 'சமுத்ரா' என்று தனி பஸ் விட்டது கேரள அரசு. பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் என்ன வெட்கம்?

கோட்டை கட்டியவர்களைப் பாருங்கள்

பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் கல்லறைகள் இன்றும் ஊருக்குள் இருக்கின்றன. அந்த ஹாலந்து நாட்டில் இப்போது ஜனத்தொகையைவிட சைக்கிள் அதிகம்!

பிறவியிலேயே அவர்கள் அப்படி இல்லை. அங்கேயும் கார் பெருகியது. 1971-ல் மட்டும் சாலை விபத்தில் சுமார் 3,300 பேர் செத்தார்கள். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். தாய் தகப்பன்மார் தெருவுக்கு வந்தார்கள். "குழந்தைகளைக் கொல்லாதே" என்று மறியல் செய்தார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, சர்க்கார் இறங்கி வந்தது. தனிப் பாதை பிறந்தது.

இங்கே அரசு பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறோம். குப்பத்துப் பெண்ணும் வாங்கிக்கொள்கிறாள். சைக்கிளைக் கொடுத்த அரசு பாதையை மறந்துவிட்டது. அரிசி கொடுத்துவிட்டு அடுப்பைப் பிடுங்கிய கதை!

தண்ணீர்ப் பாதை ஒன்றும் இருந்தது. பக்கிங்காம் கால்வாய். ஏரி வழியாக விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் சென்னைக்குள்ளேயே வரும். ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை. 2008-ல் அதை தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்தார்கள். சென்னைக்குள்ளோ அதே கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அந்தப் படகுப் போக்குவரத்து இனி திரும்புமா என்பது சந்தேகம். ஏரிக்கரைக் குப்பங்களுக்கு நடுவே பயணப் படகு விட, நல்ல படித்துறை கட்ட யோசிக்கலாம். பூநாரை வரும் சரணாலயத்தில் லாரிப் புகையைவிட அது மேல்.

ரயில், பஸ், மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டம் போட 'கும்டா' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில் முதலமைச்சர் தலைமையில் நடந்தது. பழவேற்காட்டுக்காரர்களிடமும் அவர்கள் கேட்டுப் பார்க்கலாம். ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தண்ணீரையே பங்கு போட்டவர்களுக்கு ரோட்டைப் பங்கு போடத் தெரியாதா?

பொன்னேரி - பழவேற்காடு சாலையில் தடுப்பு வைத்த சைக்கிள் பாதை. பொன்னேரி ரயில் நிலையத்தில் வெயில் படாத சைக்கிள் ஸ்டாண்டு. காலை பஸ்சில் கூடைக்கு இடம். மேம்பாலம் கட்டும் செலவில் இதெல்லாம் எந்த மூலைக்கு?

அதிகாரிகள் யாராவது ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கட்டும். ஜீப் வேண்டாம். ஒரு சைக்கிளை எடுத்து பழவேற்காடு வரை மிதிக்கட்டும். திரும்பும்போது கேரியரில் ஐஸ் பெட்டியும் இருக்கட்டும்.