அழித்தால் அழியுமா?

மாமல்லபுரம் கடற்கரை மணலில் பெயரை எழுதினால் அடுத்த அலை அழித்துவிடும். கைப்பேசியிலிருந்து அனுப்பிய படமோ, உடனே வேறு கருவிகளில் பிரதியாகிவிடுகிறது. எனவே, ஒருவரது அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு, "பணம் கொடு, அழித்துவிடுகிறேன்" என்று மிரட்டுபவனை நம்ப இடமில்லை. கொடுத்தால் மீண்டும் கேட்பான்.

பிரதிகள் அவனுக்கும் ஆபத்துதான். பொள்ளாச்சியில் பெண்களைத் துன்புறுத்திப் படமெடுத்து மிரட்டிய கும்பல் மீது 2019-இல் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தார். கும்பல் எடுத்த காட்சிகளே சான்றுகளாயின. 13-5-2025 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. (புகார் கொடுத்தவரின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது பெருந்தவறு. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் பெயரை வெளியிடுவதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடுக்கிறது.)

கணினிக்கு எந்தப் படமும் எண்களின் வரிசையே. அவற்றைக் கொண்டு கணக்கிட்டு, கைரேகை போல அப்படத்துக்கே உரிய ஒரு குறியெண்ணைப் பெறலாம். அமெரிக்கக் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பொன்று நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவைக்குக் குறியெண் மட்டுமே செல்கிறது. படம் நம் கருவியிலேயே இருக்கும். இதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அதே குறியெண்ணுடைய படத்தைத் தங்கள் தளங்களில் கண்டால் நீக்கலாம். படத்தைச் சற்றே மாற்றினால் குறியெண்ணும் மாறிவிடலாம் என்பது இதன் குறை.

பிள்ளைகள் வாய் திறக்க அஞ்சுவது மிரட்டுபவனுக்காக மட்டுமன்று, "ஏன் அனுப்பினாய்?" என்று வீட்டில் எழும் கேள்விக்காகவும்தான். பெற்றோர் அக்கேள்வியை ஒத்திவைக்கட்டும். நீங்கள் செய்திகளை அழிக்காமல் நம்பிக்கையான பெரியவரிடம் காட்டுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930: இவ்விரு எண்களையும் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒவ்வொரு வகுப்பறையிலும் கரும்பலகைக்கு அருகே எழுதிவைக்க வேண்டும் என்பேன்.