விதி 170 போனது, வேரைப் பார்ப்பது யார்?

மருந்துகள், அழகுப்பொருட்கள் விதிகளில் விதி 170 இனி இல்லை. 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம் அதை நீக்கியது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்து, தடையையும் விலக்கிக்கொண்டது. ஆயுஷ் மருந்து விளம்பரத்துக்கு மாநில உரிம அதிகாரியின் முன் அனுமதி தேவையில்லை என்றாகிவிட்டது. இது தவறு என்பதே நம் இதழின் நிலை. ‘ஏழே நாளில் சிவப்பழகு’ என்று அதிமதுரக் களிம்பு விற்பவரை ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954 சட்டத்தின் பட்டியலிலும் பிடிக்க முடியாது. நிறம் பற்றிய விளம்பரங்களை அதில் சேர்க்க 2020-இல் வந்த வரைவு வரைவாகவே கிடக்கிறது.

ஆனால், விளம்பரத்தைவிட எனக்கு வேர்தான் கவலை. சென்ற மாதம் ஒரு மொத்தக் கடையில் அதிமதுர மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினேன். பெரும்பாலான துண்டுகளில் வெட்டுமுகம் மஞ்சள், நார் நாராக, சக்கரத்து ஆரம் போல் கோடுகள். நடுநடுவே மெலிந்து வெளிறிய துண்டுகள். மென்றால் முதலில் லேசான கசப்பு, பிறகு இனிப்பு. அவை அதிமதுரமல்ல, குன்றி வேர். “ரெண்டும் இனிக்குதே டாக்டர்” என்றார் கடைக்காரர்.

நாவுக்கு இனிப்பது கிளிசிரைசின். டைரோசினேஸைத் தடுத்து மெலனினைக் குறைப்பதில் பெயர் பெற்றது கிளாப்ரிடின். அது நீரில் கரையாது, குன்றியில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஐரோப்பிய மருந்துநூல் கேட்கும் 4 சதவீத கிளிசிரைசிக் அமிலம் கஷாயத்துக்குச் சரி. முகத்தில் பூசும் களிம்புக்கு அந்த எண் என்ன சொல்லும்?

விதி 161-இன்படி தாவரப் பெயர், உறுப்பு, அளவு எல்லாவற்றையும் லேபிளில் அச்சிடுகிறோம். அதிகாரிகள் எழுத்துப்பிழை பார்க்கிறார்கள். புட்டியில் போன வேரை ஒருவரும் கேட்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இதே பக்கத்தில் எழுதுகிறேன். எத்தனை ஆய்வுகள் வந்து போயின! பதிவேட்டைப் புரட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். வேர்த்துண்டில் ஒன்றைப் பிளந்து பார்த்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. 80 சதவீத கந்தக அமிலம் ஒரு சொட்டு விட்டால் அதிமதுரத் துண்டு ஆரஞ்சு மஞ்சளாக மாறும். அதற்குக்கூட நேரமில்லாதவர்களா நம்மை நெறிப்படுத்துவது?

அடுத்த இதழிலிருந்து அதிமதுரக் களிம்புக்கு விளம்பரம் தருவோர், அந்தத் தொகுதி வேரின் டி.எல்.சி. (மென்படல வண்ணப்பிரிகை) அறிக்கையையும் கிளாப்ரிடின் அளவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வராவிட்டால் அந்தப் பக்கம் வெற்றாகவே அச்சாகும்.