அடைத்து வளர்க்கும் பூனையும் அதன் உணவும்



பூனைக்கு எந்த உணவை வைப்பது என்பதையெல்லாம் மார்க்கத்தோடு சேர்த்துப் பேச வேண்டுமா என்று பெரியவர்கள் தயங்குகின்றனர். மதரஸாவில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. ‘ஹஜ்ரத், பாக்கெட்டில் வரும் கோழி ஹலால் இல்லையே, அதைப் பூனைக்குக் கொடுக்கலாமா?’, ‘உலர்ந்த உருண்டைத் தீவனம் நல்லதா, குழம்போடு பையில் வருவது நல்லதா?’ என்று பாடம் முடிந்ததும் கேட்டுவிடுகிறார்கள். முதல் கேள்வி மஸ்அலா. இரண்டாவது கால்நடை மருத்துவம். ஆனால் இரண்டாவதற்குள்ளும் ஒரு மஸ்அலா இருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைச் சொல்லும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அதை அறியாத முஸ்லிம் வீடு இருக்காது. எனினும் பயான்களில் ‘அவள் உணவளிக்கவில்லை’ என்பதோடு நிறுத்திவிடுகிறோம். ஹதீஸில் இரண்டு செய்திகள் உள்ளன. அவள் உணவும் அளிக்கவில்லை. பூமியில் ஊர்ந்து திரியும் சிற்றுயிர்களைத் தானே பிடித்துத் தின்னும்படி அதை விடவும் இல்லை. பூனைக்கு இயல்பான உணவு எதுவென்பதும் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது.

நம் பாட்டிமார் காலத்து வீடுகளில் முற்றமும் கொல்லையும் இருந்தன. பூனை எலி பிடித்தது, பல்லியைத் துரத்தியது, மீன் அரியும் இடத்தில் தலையும் செதிலும் கேட்டு நின்றது. வைத்த சோற்றில் குறை இருந்தாலும் அது வெளியே போய் ஈடுசெய்துகொண்டது. இன்று அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில், சாளரத்துக்கு வலையடித்து, கதவைப் பூட்டி வளர்க்கிறோம். வாகனத்தில் அடிபடாமலும் தெருநாய்களிடம் சிக்காமலும் இருக்கவே அப்படிச் செய்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் ஹதீஸ் சொல்லும் இரண்டாவது வழியை நாமே அடைத்துவிட்டோம். ஆகவே முதல் வழியின் முழுப் பொறுப்பும் நம் தலையில் வந்து அமர்கிறது. வளர்ப்பு உயிர்களின் உரிமையைப் பேசும் ஃபிக்ஹு நூல்கள் தீனியையும் நீரையும் சேர்த்தே கடமையாக்குகின்றன. உலர் உணவா, ஈர உணவா என்ற கேள்வி உண்மையில் அந்த நீரைப் பற்றியதுதான்.

(இடையில் ஒன்று. நபி (ஸல்) அவர்கள் தம் அங்கியில் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றிக் கைப்பகுதியை வெட்டியெடுத்தார்கள் என்ற கதை வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அதற்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. பூனையை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்ற வாசகமும் இட்டுக்கட்டப்பட்டது என்றே அறிஞர்கள் கூறியுள்ளனர். ஆதாரமுள்ள ஹதீஸ்களே நமக்குப் போதும்.)

வீட்டுப் பூனையின் மூதாதை வடஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகியவற்றின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. நீர்நிலை அரிதான அந்நிலத்தில் அது தன் இரையிலிருந்தே பெரும்பாலான நீரைப் பெற்றது. எலியின் உடலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நீர்தான் இருக்கிறது. அதற்கேற்பப் பூனையின் சிறுநீரகம் சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றும்படி அமைக்கப்பட்டுள்ளது. அதன் தாக உணர்வும் மந்தமானது. நாயைப் போல ஓடிப்போய் நக்கிக் குடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

இனி அளவைப் பார்ப்போம். கடைகளில் ‘ட்ரை ஃபுட்’ எனப்படும் உருண்டைத் தீவனத்தில் நீர் ஏறக்குறைய 10 சதவீதமே. ‘வெட் ஃபுட்’ எனப்படும் பை அல்லது டின் உணவில் 75 முதல் 80 சதவீதம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி தேவைப்படுகிறது. நீர் ஏறக்குறைய 200 மில்லி தேவைப்படுகிறது. உலர் தீவனம் 60 கிராம் தின்றால் கலோரி நிறைந்துவிடும். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் நீர் ஒரு தேக்கரண்டி அளவுதான். மீதியை அது குடித்தே தீர்க்க வேண்டும். அதே கலோரியை ஈர உணவில் பெற 85 கிராம் பைகள் மூன்று தேவைப்படும். நீரும் அதற்குள்ளேயே வந்துவிடும். உலர் தீவனம் தின்னும் பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறது என்பது உண்மை. ஆயினும் மொத்தக் கணக்கில் அது பின்தங்கியே நிற்கிறது.

இதன் விளைவு ஆண் பூனைகளில்தான் கடுமையாக வெளிப்படுகிறது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. செறிந்த சிறுநீரில் உண்டாகும் நுண்கற்களும் சளியும் அதை அடைத்துவிடக்கூடும். உடல் பருமன், அச்சம், வீட்டில் ஏற்படும் மாற்றங்கள் போன்றவையும் காரணமாகலாம். உணவு மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. எனினும் நீர் குறைவு அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பூனை மணல் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்ததைக் கண்டு மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டினார்கள். மறுநாள் இரவில் அது இறந்துவிட்டது. அந்த வீட்டுச் சிறுமி ஒரு வாரம் மதரஸாவுக்கு வரவில்லை. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: ஆண் பூனை மணலில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், காலை வரை காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். கைவைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உலர் தீவனத்தை நாம் பழிக்கவில்லை. அதுமட்டுமே தின்று நெடுநாள் நலமாக வாழும் பூனைகள் ஏராளம். விலை குறைவு, எளிதில் கெடாது, காலையில் வேலைக்குச் செல்பவர்கள் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அது பல்லைச் சுத்தமாக்கும் என்ற விளம்பர நம்பிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல்லுக்கென்றே தனியாகத் தயாரிக்கப்படும் சில தீவனங்களைத் தவிர மற்றவை பல் பட்டதும் நொறுங்கிவிடுகின்றன. கிண்ணத்தை எப்போதும் நிரப்பியே வைப்பதும் தவறான பழக்கம். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பூனை பொழுதுபோக்காகத் தின்று பருத்துவிடும்.

ஈர உணவிலும் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. அது விலை மிகுந்தது, நம் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடந்தால் கெடத் தொடங்கும், எறும்பு மொய்க்கும். மேலும் பையில் வருவதெல்லாம் முழு உணவு அன்று. குச்சி போன்ற பையிலிருந்து பிதுக்கி நக்கக் கொடுக்கும் பசை பெரும்பாலும் நொறுக்குத் தீனியே. பின்புறத்தில் ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று எழுதப்பட்டிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று குறித்திருக்கிறதா என்பதைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.

‘இரண்டுமே வேண்டாம், நாம் உண்பதையே கொடுப்போம்’ என்போர் நம்மில் அதிகம். இங்கேதான் நம் வீடுகளில் அன்பின் பெயரால் தீங்கு நடக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. எனவே பிரியாணிக் கறியையும் மீன் குழம்பில் ஊறிய துண்டையும் கழுவிக் கொடுத்தாலும் நல்லதன்று. வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். சில வகைப் பச்சை மீன்களில் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உள்ளது. கருவாட்டில் உப்பு அளவுகடந்து இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து குளிர்பெட்டியில் ஈரல் நிறைந்திருக்கும் நாள்களில், வாரக்கணக்கில் அதையே பூனைக்குக் கொடுப்பவர்களும் உண்டு. ஈரலில் ஏ உயிர்ச்சத்து மிகுதி. தொடர்ந்து கொடுத்தால் அதுவே நோயாகும். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும்.

பூனை புலால் உண்டே வாழ வேண்டிய உயிர். டாரின் என்ற பொருளை அதன் உடல் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்வதில்லை. இறைச்சியிலிருந்தே பெற வேண்டும். தொழிற்சாலைத் தீவனத்திலேயே ஒரு காலத்தில் அது போதாமல் இருந்தது. அதனால் பூனைகளின் இதயம் விரிந்து பலவீனமடைகிறது என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-இல் கண்டறிந்த பின்னரே தயாரிப்பாளர்கள் அதை உயர்த்தினர். தொழிற்சாலைக்கே தவறிய கணக்கு, தயிர்ச்சோற்றில் சரியாக அமைந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

நம் கருத்து இதுதான். வசதியுள்ளவர்கள் நாளில் ஒரு வேளையாவது முழுமையான ஈர உணவைக் கொடுக்கட்டும். மற்ற வேளைகளில் உலர் தீவனத்தை அளந்து வைக்கட்டும். ஒருமுறை சிறுநீர்த் தொல்லை கண்ட பூனைக்கு மருத்துவர் சொல்வதே உணவு. அங்கு நம் கருத்துக்கு இடமில்லை. அந்த வசதி இல்லாதவர்கள் உலர் தீவனத்தில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி ஊறவைத்துக் கொடுக்கலாம். உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேர்க்காமல் மத்தியையோ நெத்திலியையோ வேகவைத்து, அந்த நீரைச் சிறிது கலந்தால் பூனை மறுக்காது. ஊறியதை நெடுநேரம் விட்டுவைக்கக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தை மணல் தட்டுக்கு அருகில் வைக்காமல், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகன்ற பாத்திரங்களில் வைத்து நாள்தோறும் மாற்ற வேண்டும். இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை. கவனம் மட்டுமே தேவை.

‘ஏழைகள் பசித்திருக்கையில் பூனைக்கு டின் மீனா, இது இஸ்ராஃப் அல்லவா?’ என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அடைத்து வைத்த உயிருக்குத் தேவையானதைக் கொடுப்பது கடமையே தவிர வீண்செலவு அன்று. வீண்செலவு வேறிடத்தில் இருக்கிறது. நம் வெயிலுக்குச் சற்றும் ஒவ்வாத அடர்முடிப் பாரசீகப் பூனையைப் பல்லாயிரம் கொடுத்து வாங்கிப் படம் எடுத்துப் போடுவதை என்னவென்பது? பூனையின் விலையை நபியவர்கள் தடுத்ததாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உள்ளது. பெரும்பாலான அறிஞர்கள் விற்பனையை அனுமதித்து, அத்தடையை விரும்பத்தகாதது என்ற நிலையில் விளங்கிக்கொண்டனர் என்றாலும், வாங்குபவர் சற்று நின்று யோசிக்க அது போதும். உணவுச் செலவைத் தாங்க முடியாத வீடு பூனையை அடைத்து வளர்க்காமல், தெருவில் சுதந்திரமாகத் திரியும் பூனைக்கு மீன்தலை வைப்பதே மேல்.

இனிப் பிள்ளைகளின் முதல் கேள்வி. ஷரீஅத் முறையில் அறுக்கப்படாத கோழி, மார்க்கத்தின் பார்வையில் செத்ததற்குச் சமம். அத்தகையதை விலங்குக்கு உண்ணக் கொடுப்பதை ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் அனுமதித்துள்ளனர். ஹனஃபி நூல்களில் கடுமை அதிகம். பூனை தானே போய்த் தின்பது வேறு, நாம் எடுத்து வந்து ஊட்டுவது வேறு என்று பிரித்துப் பேசுவார்கள். ஊட்டுவதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், காசு கொடுத்து வாங்குவது இன்னொரு சிக்கல். செத்ததையும் பன்றியையும் விற்பதை நபியவர்கள் மக்கா வெற்றியின்போது தடைசெய்தார்கள். ஆகவே பேணுதல் விரும்பும் குடும்பங்களுக்கு நாம் சொல்லும் எளிய வழி மீன் உணவு. மீனுக்கு அறுக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் முகப்பில் ‘டியூனா சுவை’ என்று எழுதியிருந்தாலும் பின்புறப் பட்டியலில் கோழித்தூள் முன்னால் நிற்பதுண்டு. சுவை வேறு, பொருள் வேறு. மீனையே மட்டும் வீட்டில் வேகவைத்து நாள்தோறும் கொடுப்பதும் முழு உணவாகாது என்பதை மேலே சொன்னவற்றிலிருந்து அறியலாம்.

பூனை வாய் வைத்த நீரைப் பற்றியும் கேட்கிறார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் தம் உளூ நீரைப் பூனை குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தி அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் உள்ளது. பூனை அசுத்தமானது அல்ல, நம்மைச் சுற்றி வளையவரும் உயிர் என்ற நபிமொழியை அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். ஆகவே பூனையின் வாய் தூய்மையானது. ஹனஃபி மத்ஹபில் அது மீதம் வைத்த நீரை, வேறு நீர் இருக்கையில் பயன்படுத்துவது விரும்பத்தகாதது, அவ்வளவே. ஆனால் அறுக்கப்படாத கோழியின் குழம்பு நஜீஸ். அது தொழுகை விரிப்பிலோ உடையிலோ சிந்தினால் கழுவியே ஆக வேண்டும். பூனையின் தட்டைத் தொழும் அறையிலிருந்து விலக்கிவைத்தால் இந்தக் கவலை இல்லை.

உணவை மாற்ற முடிவுசெய்தவர்கள் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஏழு முதல் பத்து நாள்களில் மாற்றலாம். ‘பசித்தால் தானே தின்னும்’ என்று பட்டினி போடுவது பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கு ஆபத்தாகும். ரமளான் நெருங்கும்போது மாற்றத்தைத் தொடங்குவோருக்கு ஒரு வசதி உண்டு: சஹர் நேரத்தில் வீடே விழித்திருப்பதால் ஈர உணவை அப்போது வைத்து, ஃபஜ்ருக்குப் புறப்படும் முன் மிச்சத்தை எடுத்துத் தட்டைக் கழுவிவிடலாம்.