‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்பது மருந்துச்சீட்டு அல்ல

1/
"மாப்பிள்ளைக்கு புனேல ப்ரமோஷன். நீயும் கூடப் போய்த்தானே ஆகணும்? உனக்கென்ன, அங்கேயும் வேலை கிடைக்காமலா போயிடும்? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

படித்த குடும்பங்களில் சர்வசாதாரணமாக நடக்கும் பேச்சு இது. இந்த இழை அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளுக்கு எதிரானது. கொஞ்சம் நீளம். கணவன், மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சா நல்லது.

2/
குடும்பப் பஞ்சாயத்து டாக்டர் வேலை இல்லைதான். ஆனா அந்தப் பஞ்சாயத்து முடிந்து ஒன்றரை வருஷம் கழித்து, தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு, "எப்பவும் அசதியாவே இருக்கு டாக்டர்" என்று வந்து உட்கார்வது எங்கள் முன்னால்தான். அதனால் பேசுகிறேன்.

3/
முதலில் பரிசோதனைகள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் பார்க்கணும். "எல்லாம் மனசுல தான்" என்று எடுத்த எடுப்பில் சொல்வது தவறு. அதெல்லாம் சரியாக இருக்கும்போது நான் கேட்கும் கேள்வி ரெண்டு: "இந்த ஊருக்கு எப்போ வந்தீங்க? அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"
ரெண்டாவது கேள்விக்குத்தான் பலருக்கும் கண் கலங்கும்.

4/
பலருடைய கதையைச் சேர்த்து, யாரென்று தெரியாத மாதிரி சொல்கிறேன். மதுரையில் ஐசியூ நர்ஸ். கல்யாணத்துக்குப் பின் கணவருக்கு புனே. அந்த மாநில நர்சிங் கவுன்சில் பதிவு, மொழி, குழந்தை என்று ஒன்றரை வருஷம் போனது. பாதிச் சம்பளத்தில் ஒரு கிளினிக்கில் சேர்ந்து காலூன்றும்போது குருகிராம். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது ஊரில் அவர் விண்ணப்பிப்பதையே நிறுத்திவிட்டார். "நான் ஐசியூ ஸ்டாஃபா இருந்தேன் டாக்டர்" என்று சொல்லும்போது வயது 38.

5/
மருத்துவத்தில் 'அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஆர்டர்' என்றே ஒரு நோய் உண்டு. வாழ்க்கையில் பெரிய மாற்றம் வந்த சில வாரங்களில் தொடங்கும். அதே நினைப்பாகவே இருப்பது, தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது. காரணம் விலகினால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் சரியாகும்.
கவனிங்க, காரணம் விலகினால். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊர் மாறும் வீட்டில் காரணம் எங்கே விலகுகிறது?

6/
1967ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் 43க்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். துணையின் மரணம் 100. கல்யாணம் 50. வேறு துறை வேலைக்கு மாறுவது 36. பணநிலை மாற்றம் 38. வாழும் சூழல் மாறுவது 25. வீடு மாறுவது 20. சமூகப் பழக்கவழக்கம் மாறுவது 18.
கெட்டது மட்டுமல்ல, நல்ல மாற்றத்துக்கும் மதிப்பெண் உண்டு. உடம்புக்கு ரெண்டுமே சுமைதான்.

7/
இப்போ கூட்டிப் பாருங்க. ஊர் மாறி, வேலையை விட்ட வீட்டில் வீடு 20, சூழல் 25, பணம் 38, பழக்கவழக்கம் 18, வேலையை விட்டது 26. மொத்தம் 127. கொஞ்ச நாள் கழித்து கிடைத்த வேறு வேலைக்கு ஒரு 36 சேர்த்தால் 163. ஒரே வருஷத்தில் 150ஐத் தாண்டினால் உடல்நலம் கெடும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கணிப்பு. இது தோராயமான அளவுகோல்தான், நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. ஆனா சுமை எங்கே சேர்கிறது என்று காட்டும்.

8/
அந்த 26 இருக்கே, மூலப் பட்டியலில் அந்த வரி எப்படி இருந்தது தெரியுமா? 'மனைவி வேலைக்குப் போக ஆரம்பிப்பது அல்லது நிறுத்துவது'. அதாவது படிப்பவர் ஆண் என்று எடுத்துக்கொண்டு எழுதிய வரி. மனைவி வேலையை விட்டால் கணவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று கணக்கு! பின்னாளில் அதைத் 'துணை' என்று மாற்றினார்கள். நம் வீடுகளில் இன்னும் 1967ம் வருஷப் பதிப்புதான் ஓடுகிறது.

9/
இந்தியக் கணக்குக்கு வருவோம். 2020-21 மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், இடம்பெயர்ந்த பெண்களில் 86.8% பேர் சொன்ன காரணம் கல்யாணம். இதில் பெரும்பகுதி பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள், ஐ.டி. கம்பெனி ட்ரான்ஸ்ஃபர் இல்லை என்பது தெரியும். ஆனா பழக்கம் ஒன்றுதான். அவன் இருக்கும் இடத்துக்கு அவள் போகணும். கிராமத்தில் மாட்டு வண்டியில் போனது, இன்று பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் லாரியில் போகிறது.

10/
"யாருக்குச் சம்பளம் அதிகமோ அவங்க பின்னாடி போறதுதானே லாஜிக்?" என்று கேட்பீர்கள். சரி, ஒரு உதாரணக் கணக்கு. தொடக்கத்தில் அவருக்கு 60,000, அவளுக்கு 50,000. பெரிய வித்தியாசம் இல்லை. முதல் மாறுதலில் அவள் வேலையை விட்டாள். மறுபடி சேர்ந்தபோது 30,000. அவருக்கு 90,000. இப்போ ரெண்டாவது மாறுதலுக்கு லாஜிக் இன்னும் பலமாகிவிட்டது!
அந்த இடைவெளி தானாக வந்ததில்லை. முதல் முடிவு உண்டாக்கிய இடைவெளியைக் காட்டித்தான் ரெண்டாவது முடிவை நியாயப்படுத்துகிறோம்.

11/
"திறமை இருந்தா எங்கேயும் வேலை கிடைக்கும்." இல்லைங்க. பல தொழில்கள் மாநில எல்லையில் நின்றுவிடும். டாக்டரும் நர்சும் போகிற மாநிலத்துக் கவுன்சிலில் பதிவு வாங்கணும். வக்கீல் பார் கவுன்சில் பதிவை மாற்றணும். தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வை வைத்து மகாராஷ்டிர அரசுப் பள்ளியில் சேர முடியாது. மாநில அரசு ஊழியர் என்றால் நீண்ட விடுப்பு, இல்லாவிட்டால் ராஜினாமா. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிற வேலைகள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

12/
காசுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வேறு. நிரந்தரப் பணியாளருக்கு கிராஜுவிட்டி வாங்க பொதுவாக ஒரே நிறுவனத்தில் 5 வருஷம் தொடர்ச்சியாக வேலை பார்த்திருக்கணும். மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் என்றால் வாழ்நாளெல்லாம் உழைத்தாலும் கையில் பூஜ்யம்.
பேறுகால விடுப்புச் சம்பளத்துக்கு, பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அதே நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்கணும். கர்ப்பமாக இருக்கும்போது ஊர் மாறிப் புது வேலையில் சேர்கிற பெண் எண்ண வேண்டியது மாதத்தை மட்டுமல்ல, இந்த 80 நாளையும்.

13/
"அப்போ ஆளுக்கொரு ஊர்ல இருக்கணுமா? அது குடும்பமா?"
நான் அப்படிச் சொல்லவே இல்லை. தனியாக இருக்கும் கணவர்களையும் பார்க்கிறேன். மெஸ் சாப்பாடு, ராத்திரி ஒரு மணி வரை ஃபோன், வெள்ளிக்கிழமை இரவு பஸ், திங்கள் காலை நேராக ஆபீஸ். பி.பி. மாத்திரையை ஊரிலேயே மறந்து வைத்துவிட்டு வருவது. நாற்பது வயதுக்குள் சர்க்கரை. பிரிந்து இருப்பதற்கும் உடம்பு விலை கொடுக்கும். எந்த வழியில் போனாலும் விலை உண்டு. அந்த விலையை ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் ஏன் கட்டணும் என்பதுதான் என் கேள்வி.

14/
அரசாங்கத்துக்கே இது தெரியும். கணவன், மனைவி ஒரே ஊரில் பணியாற்ற வழி செய்யணும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 1986லிருந்தே இருக்கிறது. 2009ல் அதை இன்னும் பலப்படுத்தினார்கள். 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், இடமாறுதல் கொள்கை வகுக்கும்போது குடும்ப வாழ்க்கையைக் கருத்தில் எடுக்கணும் என்றது. ஆனால் இதைக் கட்டாய உரிமையாகக் கேட்க முடியாது என்று முன்பே ஒரு வங்கி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. தனியார் துறையில் இந்த வழிகாட்டுதல்கூடக் கிடையாது. லாரி வாடகை தருகிற ஹெச்.ஆர்., "உங்க மனைவி என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்பதில்லை.

15/
ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவிக்கு நல்ல வாய்ப்பு வந்து, கூடப் போகத் தயாராக இருக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் என்ன சொல்கிறோம்? "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உட்கார்ந்து சாப்பிடுறான்." பெண் விட்டுக்கொடுத்தால் கடமை, ஆண் விட்டுக்கொடுத்தால் கேவலம். இப்படிப் பேசுகிற மாமாக்களும் அத்தைகளும்தான் அந்தப் பெண்ணை அறையில் அடைக்கிற பூட்டு. அடுத்த கல்யாண வீட்டில் வாயைத் திறக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

16/
சக மருத்துவர்களுக்கு. "சும்மா வீட்ல இருக்கீங்க, அதான் யோசனை. யோகா க்ளாஸ் போங்க" என்று அனுப்பாதீர்கள். யோகா நல்லது. ஆனா பன்னிரண்டு வருஷப் படிப்பும் அனுபவமும் பறிபோனவருக்கு அது பதில் ஆகாது. மாத்திரை தேவைப்பட்டால் கொடுங்கள், தயங்க வேண்டாம். கூடவே கணவரை உள்ளே கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் வெளியே பார்க்கிங்கில்தான் நிற்பார்.

17/
சரி, என்ன செய்யலாம்?
• முறை வையுங்கள். இந்த மாறுதல் உனக்காக என்றால் அடுத்தது எனக்காக. பேச்சோடு விடாமல் எழுதி வையுங்கள்.
• ஆஃபர் வந்த அன்றே சரி சொல்லாதீர்கள். போகும் ஊரில் துணைக்கு வேலை, பதிவு எவ்வளவு நாளாகும் என்று விசாரித்த பின் பதில் சொல்லுங்கள்.
• அவர் கேட்கும் சம்பள உயர்வில், அவள் இழக்கப்போகும் சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.
• வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். அந்தக் கணக்கைப் புது வேலைக்கு மாற்றலாம். பென்ஷனுக்கு மொத்தம் 10 வருஷ சேவை வேண்டும்.

18/
மாறும்போது மருத்துவ விஷயங்கள்:
• குழந்தைகளின் தடுப்பூசி அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள் லாரியில் போகக் கூடாது, கைப்பையில் வரணும்.
• பி.பி., சர்க்கரை, தைராய்டு மாத்திரை ரெண்டு மாதத்துக்குக் கையிருப்பு.
• கம்பெனி இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். சொந்தமாக ஒரு பாலிசி இருக்கட்டும். புதிதாக எடுத்தால் ஏற்கனவே உள்ள நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டி வரலாம்.
• பிரசவத்துக்குத் தமிழ்நாட்டுக்கு வருபவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண் வாங்கிவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

19/
ரெண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு, எதிலும் ஆர்வமின்மை, தூக்கமோ பசியோ மாறியிருப்பது என்றால் மருத்துவரைப் பாருங்கள். "நான் இல்லாம போனா நல்லாருக்கும்" என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

20/
இதைப் படிக்கும் கணவர்களே, ஒரு சின்ன வேலை. இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு பேப்பரில் கல்யாணத்துக்குப் பின் மாறின ஊர்களை வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில், அந்த மாறுதல் யார் வேலைக்காக என்று எழுதுங்கள். எல்லா வரியிலும் உங்கள் பெயரே இருந்தால், அடுத்த வரியைக் காலியாக விட்டு பேனாவை அவங்க கையில் கொடுங்க.

பிடித்தவர்களுக்குப் பகிருங்கள். பிடிக்காத மாமாக்களுக்குக் கட்டாயம் பகிருங்கள்.