சாவி கொடுப்பது பயிற்சி ஆகாது

2025 மார்ச் 1ஆம் தேதி, குமரி மாவட்டத்து மீனவ ஊரான இனயம்புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலை நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி நான்கு பேர் இறந்தார்கள். அலங்கார வேலைக்கான ராட்சத இரும்பு ஏணியை நகர்த்தியபோது அதன் உச்சி மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் பட்டுவிட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் இதேபோல் கம்பியில் உரசிப் பதினொரு பேர் உயிரிழந்தார்கள். இரண்டு இடங்களிலும் யாரும் மின்கம்பியில் கைவைத்து வேலை செய்யவில்லை. உயரமான ஒரு பொருள், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அடியில், நகர்ந்தது. அவ்வளவுதான். நாடு முழுவதும் 2021ஆம் ஆண்டில் மட்டும் 12,000க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்திருப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. இப்படிப்பட்ட ஒற்றை வரிச் செய்திகள் சேர்ந்துதான் அந்தத் தொகை.

இனயத்திலிருந்து தமிழ்நாட்டின் கடற்கரையை ஏறக்குறைய முழுவதும் கடந்து வந்தால் வடகோடியில் பழவேற்காடு. அங்கும் மகிமை மாதா திருத்தலத்துத் தேர்த் திருவிழா உண்டு, குப்பங்களுக்கு அம்மன் கோயில் திருவிழாக்கள் உண்டு, சீரியல் செட் கட்டும் உள்ளூர் எலக்ட்ரீஷியன்கள் உண்டு, கூரைகளுக்குச் சற்று மேலே ஓடும் கம்பிகளும் உண்டு. நகரங்களில் தெருவிளக்கு மாற்றவும் விழா அலங்காரம் கட்டவும் ஏணிக்குப் பதிலாக ஸ்கை லிஃப்ட் வண்டி வருவது வழக்கமாகிவிட்டது. லாரியின் முதுகில் மடங்கிக் கிடந்து, நெம்புகோலைத் தள்ளியதும் விரிந்து, நுனியில் ஒரு தொட்டியோடு ஆளை மேலே தூக்கும் அந்த எந்திரம் குப்பங்களுக்கு வந்து சேர நாளாகாது. வர வேண்டும் என்பதே என் விருப்பமும். வழுக்கும் கம்பத்தில் ஒரு கையால் தொற்றிக்கொண்டு மறு கையால் வேலை பார்ப்பதைவிட நான்கு பக்கமும் தடுப்புள்ள தொட்டிக்குள் நின்று வேலை பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் தொட்டியில் ஏறும் எலக்ட்ரீஷியனுக்கும் கீழே நின்று எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஒன்றாகப் பயிற்சி கொடுத்து, சோதித்து, சான்று தராத வரை அந்த வண்டியை ஒரு கம்பத்தின் அடியில்கூட நிறுத்த விடக் கூடாது.

ஒன்றாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மின்சாரம் தெரிந்தவருக்கு எந்திரம் தெரிவதில்லை. எந்திரம் தெரிந்தவருக்கு மின்சாரம் தெரிவதில்லை. சப்ளையை நிறுத்தியதற்கான உறுதியை, அதாவது லைன் கிளியரை, வாங்காமல் கம்பியைத் தொடக் கூடாது என்பது வயர்மேனுக்கு மனப்பாடம். ஆனால் தொட்டியை உயர்த்தி வைத்துக்கொண்டே வண்டியை நகர்த்தக் கூடாது என்பதும், தொட்டியில் நின்றபடி கேபிளைப் பக்கவாட்டில் இழுத்தால் அந்த இழுவிசை வண்டியையே சாய்க்கும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத விஷயங்கள். லிஃப்ட் ஓட்டுநருக்கு நெம்புகோல்கள் எல்லாம் அத்துப்படி. ஆனால் கம்பியைத் தொடாமலே, அருகில் போனாலே, உயர் அழுத்த மின்சாரம் பாயும் என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிகளுக்குப் பத்தடி தள்ளியே நிற்கச் சொல்கிறது. நம் ஊர்த் தெருக்களில் வரும் 11 கிலோவோல்ட், 22 கிலோவோல்ட் கம்பிகள் எல்லாம் அந்த வரம்புக்குள் வருபவை. சாதாரண லிஃப்டின் கை முழுக்க முழுக்க இரும்பு. கண்ணாடியிழை வைத்து மின்காப்பு செய்த வண்டி தனி ரகம், விலையும் கூடுதல். இரண்டும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். டயர் ரப்பர்தானே, ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பொய். இரும்புக் கை கம்பியில் பட்டால், தரையில் நின்று வண்டியைத் தொட்டவர்தான் முதலில் சாவார். பதறி ஓடிவந்து உதவி செய்பவர் அடுத்தவர்.

பழவேற்காட்டின் தரை இந்த ஆபத்தைப் பல மடங்காக்குகிறது. லிஃப்ட் வண்டி உயரத் தொடங்கும்முன் நான்கு பக்கமும் ஜாக்கிகளை இறக்கி ஊன்ற வேண்டும். கை ஒரு பக்கமாக நீளும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து ஒற்றை ஜாக்கியின் சிறிய தட்டின்மேல் இறங்கும். தார்ச்சாலையில் அது தாங்கும். ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான மணல்திட்டில், லைட்ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ, மேலே காய்ந்து இறுகினதுபோலத் தெரியும் மணலுக்குக் கொஞ்சம் கீழே ஈரம் இருக்கும். தட்டு முதலில் அசையாது. தொட்டி உயர்ந்து பக்கவாட்டில் நீண்ட பிறகுதான் ஒரு மூலை மெதுவாக அமுங்கத் தொடங்கும். கீழே இரண்டு விரல் அளவு இறங்கினால் மேலே தொட்டி அதைப்போலப் பல மடங்கு விலகிப் போகும்; விலகும் திசையில் கம்பி இருந்தால் கதை முடிந்தது. அகலமான மரப்பலகையைத் தட்டுக்கு அடியில் போட வேண்டும், உயர்த்திய பிறகும் ஒருவர் தட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மட்டம் மாறினால் உடனே இறக்கச் சொல்ல வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த மணலிலேயே செய்து பார்த்தால்தான் கைக்கு வரும்.

காற்றும் உப்பும் இதே கணக்கில் சேரும். வெளியிடத்தில் பயன்படுத்தும் லிஃப்டுகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர்கள் குறிக்கும் உச்ச வரம்பு மணிக்கு 45 கிலோமீட்டர் காற்று. பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் கரையில், தொட்டியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனரையும் ஏற்றிக்கொண்டால் அது பாய் விரித்த படகுதான். உப்புக்காற்று கம்பத்தின் இரும்பைத் தின்கிறது, இன்சுலேட்டரின்மேல் படிகிறது. அதே உப்பு லிஃப்டின் ஹைட்ராலிக் குழாய்களையும் பின்களையும் விட்டுவைக்காது. பிரிட்டனில் ஆட்களைத் தூக்கும் எந்திரங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது 1998 முதல் சட்டம். கடலோரத்தில் அதைவிட அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். அன்றாடம் காலையில் வண்டியைச் சுற்றிவந்து துருவையும் எண்ணெய்க் கசிவையும் பார்க்கும் பழக்கம் அந்த ஊர் ஆளுக்கு வர வேண்டும்.

புயலுக்குப் பிந்தைய நாட்கள்தான் மிக மோசமானவை. 2016 டிசம்பரில் வர்தா சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் இந்தக் கரையை ஒட்டியே ஆந்திரத்துக்குப் போனது. 2018 நவம்பரில் கஜா டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மின் ஊழியர்கள் அங்கே போய் இரவு பகலாக உழைத்தார்கள். அப்படி வருபவர்களுக்கு உள்ளூர்த் தரை தெரியாது, எந்தச் சந்தில் எந்த லைன் போகிறது என்பதும் தெரியாது. சப்ளை நிறுத்திய பிறகும் யாரோ ஒருவர் வீட்டிலோ ஐஸ் கம்பெனியிலோ ஓடும் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் திரும்ப லைனுக்குள் ஏறியிருக்கலாம். நிறுத்தியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் தொட்டியை நேராகக் கம்பிக்குள் கொண்டுபோகிறவர் அதை அறிய ஒரே வழி, சோதித்துப் பார்த்து, எர்த் செய்த பிறகே தொடுவது. ஊரே இருட்டில் நின்று எப்போது கரண்ட் வரும் என்று கேட்கும் நேரத்தில் இந்த இரண்டு நிமிட வேலையை விடாமல் செய்ய வைப்பது பயிற்சி ஒன்றுதான்.

இப்போது நாம் என்ன சோதிக்கிறோம்? மின்வாரியம் 2019இல் அறிவித்துப் பிறகு ஆயிரக்கணக்கில் நிரப்பிய கேங்மேன் பணிக்கு ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றார்கள். உடல்தகுதித் தேர்வின் மையம் கம்பம் ஏறுவது. தசை வலுவையும் அச்சமின்மையையும் அளக்கும் தேர்வு அது. கம்பம் ஏறும் வேலை இருக்கும் வரை அதற்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் லிஃப்டுக்குத் தேவைப்படும் குணம் வேறு: ஏறாமல் நிற்கத் தெரிவது, இன்று காற்று சரியில்லை என்று சொல்லத் தெரிவது. தனியார் எலக்ட்ரீஷியன்களுக்கு மின் கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடக்கிறது. அதில் தேறியவர் லிஃப்ட் தொட்டியில் ஏறலாமா என்று யாரும் கேட்பதில்லை. வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த உரிமம் சாலையில் ஓட்டுவதற்கு. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், மின்பாதையில் வேலை செய்யத் தகுதியானவர்களைப் பெயர் குறித்து நியமிக்கச் சொல்கின்றன. அந்தப் பெயர்ப் பட்டியலில் லிஃப்டுக்கு ஒரு கட்டம் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

உலகம் இதை எப்போதோ செய்துவிட்டது. உயரப் பணி எந்திரங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று 1983 முதல் இயங்குகிறது; அது தரும் இயக்குநர் அட்டைக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். இயக்குநர் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 18878 என்ற தனித் தரமே இருக்கிறது. நம் நாட்டிலும் பெரிய துறைமுகம், கப்பல் கட்டும் தளம், அனல் மின்நிலையம் போன்ற வளாகங்களில் பூம் லிஃப்டில் ஏறச் சான்று கேட்பது பரவிவருகிறது. காட்டுப்பள்ளியும் அத்திப்பட்டும் வல்லூரும் பழவேற்காட்டுக்குத் தெற்கே பக்கத்திலேயே இருப்பவை. மதில் சுவருக்கு உள்ளே சான்று, வெளியே ஒன்றுமில்லை என்றால், அந்தத் தொழிற்சாலைகளுக்காக நிலத்தையும் நீரையும் விட்டுக்கொடுத்த ஊர்களின் பிள்ளைகளுடைய உயிருக்கு நாம் வைக்கும் விலை என்ன என்ற கேள்வி எழும்.

மறுப்புகள் வரும், வர வேண்டும். வாடகை லிஃப்டோடு ஆபரேட்டரும் வருகிறாரே, எலக்ட்ரீஷியனுக்கு எதற்குத் தனிப் பயிற்சி என்பார்கள். மேலே தொட்டியில் நிற்பவர் மயங்கினாலோ எந்திரம் பாதியில் நின்றாலோ கீழிருந்தபடியே அவரை இறக்குவதற்கு அவசரக் கட்டுப்பாடு ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது என்பது ஆபரேட்டருக்கு மட்டும் தெரிந்து, அவர் டீ குடிக்கப் போயிருந்தால் என்ன செய்வது? பெல்ட் மாட்டி அந்தரத்தில் தொங்குபவருக்கு நிமிடங்கள்தான் அவகாசம். இருபது வருடமாக ஏறுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த வாதம். அந்த அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது ஏணியையும் கம்பத்தையும் பற்றிய அனுபவம் என்பதுதான் சிக்கல். கம்பத்தில் கை நழுவினால் விழுபவர் ஒருவர். லிஃப்ட் சாய்ந்தால் அது விழும் இடத்தில் நிற்பவர்களையும் சேர்த்துக்கொண்டு போகும்.

குறுகிய சந்துகளுக்கும், படகில் மட்டுமே போக முடிகிற திட்டுகளுக்கும் வண்டி எப்படி வரும் என்ற மறுப்பு வலுவானது. அதற்கு முழுப் பதில் இல்லை. கடல் சீறும் நாட்களில் காட்டுப்பள்ளிச் சாலையே மணலில் மூடிப்போகிறது. அங்கெல்லாம் கம்பம் ஏறுவதுதான் இன்னும் நெடுநாளைக்கு வழி. ஆனால் லிஃப்ட் பயிற்சியில் பாதி எந்திரத்தைப் பற்றியதல்ல. கம்பியிலிருந்து தூரம் கணிப்பது, சோதித்து எர்த் செய்வது, பெல்ட்டைச் சரியாக மாட்டுவது, கீழே ஒருவர் கண்காணிப்பது, அவர் ‘நிறுத்து’ என்றால் நிறுத்துவது எல்லாம் கம்பத்துக்கும் அப்படியே பொருந்தும். வண்டி போகாத ஊருக்கும் இந்தப் பாதி போகும்.

பேசாமல் தடை போட்டுவிடலாம், திருவிழாவில் லிஃப்டும் வேண்டாம், ராட்சத ஏணியும் வேண்டாம் என்பவர்களுக்குப் பழவேற்காடே பதில் சொல்லும். 2011 டிசம்பர் 25 அன்று முகத்துவாரத்துக்கு அருகே படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள். அதிக ஆட்கள், உயிர்காக்கும் கவசம் இல்லை. அதற்குப் பிறகு படகு சவாரிக்குத் தடை வந்தது. சவாரி நிற்கவில்லை, மறைவாக நடந்தது, அவ்வப்போது செய்தியிலும் வந்தது. ஏரியைக் கையின் ரேகைபோல் அறிந்த மீனவர்களுக்குப் பயணிகளை ஏற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்து, கவசமும் உரிமமும் கொடுத்திருந்தால் பாதுகாப்பும் வந்திருக்கும், பிழைப்பும் நிலைத்திருக்கும். லிஃப்டைத் தடைசெய்தால் மக்கள் மூங்கிலுக்கும் இரும்பு ஏணிக்கும்தான் திரும்பிப் போவார்கள். இனயத்தில் நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும்.

செலவு பெரிதல்ல. வெளிநாடுகளில் இந்தப் பயிற்சி பெரும்பாலும் ஓரிரு நாள் வேலை; நம்மவருக்கு மணலையும் புயலையும் சேர்த்து நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களுக்கான கூலியை அரசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் யாரும் வர மாட்டார்கள். நான் முதல்வன் திட்டமும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் கையில் இருக்கின்றன. பாடம் தமிழில் இருக்க வேண்டும்; லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகளைத் தமிழில் ஒட்டச் சொல்லி வாடகை நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். திருவிழாவுக்குக் காவல்துறை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும்போதே, உயரத்தில் வேலை செய்பவர்களின் சான்றையும், அந்த நேரத்தில் மின்வாரியம் சப்ளையை நிறுத்த ஒப்புக்கொண்ட கடிதத்தையும் இணைக்கச் சொல்லலாம். முதல் அணிக்குப் பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து எலக்ட்ரீஷியன்களையும், பொன்னேரிக் கோட்டத்து வயர்மேன், கேங்மேன்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்துத் தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அந்த வகுப்பு அதற்கு முன்பே, காய்ந்த மணலிலும் ஈர மணலிலும் ஜாக்கி ஊன்றிப் பார்த்து முடிந்திருக்க வேண்டும்.