குப்பையை நிறுப்போம், பிள்ளைகளின் உயரம் அளப்போம்



நம் ஊராட்சியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் சிலரும், மகளிர் குழுப் பெண்களும், கல்லூரி மாணவர்களும், ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவரும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்குகிறோம். கேள்விகள் இரண்டு. நம் வீட்டுக் குப்பை எங்கே போய்ச் சேர்கிறது? நம் பள்ளிப் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரமும் எடையுமாக வளர்கிறார்களா? இந்த இரண்டையும் ஏன் சேர்த்துக் கேட்கிறோம் என்பதைச் சொல்லவும், உங்கள் துணையைக் கேட்கவுமே இதை எழுதுகிறோம்.

பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும் வழக்கம் தமிழ்நாட்டில் நூறாண்டு கண்டது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. இவ்வளவுக்குப் பிறகும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. சாப்பாடு போதாதது ஒரு காரணம். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போவது இன்னொரு காரணம். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மலம் கலந்த ஈரமண்ணில் அதன் இளம்புழுக்கள் வளர்கின்றன. செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளையின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடலில் தங்கி ரத்தம் குடிக்கின்றன. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரை வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும்; ஓடைக்கரை மண்ணில் இருப்பதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வாரமே பிள்ளை அந்த மண்ணில்தான் விளையாடுகிறது. அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே கதைதான். குடலின் உட்சுவர் தேய்ந்து, தின்ற முட்டையின் சத்தை முழுதாக உறிஞ்ச முடியாமல் போகிறது. கழிப்பறை கட்டிவிட்டோம், இனி கவலையில்லை என்று நினைக்கிறோம். கைக்குழந்தையின் டயபரைக் கேரி பேக்கில் முடிந்து ஓடையில் எறிந்தால் அதுவும் வெளியில் விட்ட மலமே. நாய் அதைக் கிழிக்கிறது, ஈ மொய்க்கிறது, மழை அதை அடித்துக்கொண்டு போகிறது.

குப்பை இன்னொரு செய்தியும் சொல்லும். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் “இட்லி” என்று சொல்லிவிடும். பள்ளிக்கூட வாசலிலும் தெருமுனையிலும் கிடக்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தால் உண்மை தெரியும். உப்பும் எண்ணெயும் மாவுமாக வயிற்றை அடைத்துப் பசியைக் கொன்றுவிடும் அதே பாக்கெட்டுதான், மக்காமல், பழைய இரும்புக் கடைக்காரரும் வாங்காமல், சாக்கடையை அடைத்து நிற்கிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு மேல், வேகமாக வளரும் வயதில், எத்தனை பிள்ளைகள் வெறும் டீயும் பாக்கெட்டுமாக வகுப்பில் உட்காருகிறார்கள்? எங்களுக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இது.

மாநிலத்துக்கு எண் இருக்கிறது, மாவட்டத்துக்கும் இருக்கிறது. நம் ஊருக்கு இல்லை. அதை நாமே எடுக்க முடியும். தெருவுக்குப் பத்து வீடு என்று ஒரு வாரக் குப்பையை வாங்கி, மக்குவது, விற்கக்கூடியது, ஒன்றுக்கும் ஆகாதது என்று பிரித்து நிறுப்போம். குப்பை எங்கே கொட்டப்படுகிறது, எங்கே எரிக்கப்படுகிறது என்று வரைபடத்தில் குறிப்போம். பிவிசி போன்ற பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற நஞ்சு கிளம்பும். அந்தப் புகை எந்த வகுப்பறைக்குள் போகிறது என்பதும் பதிவாக வேண்டும். வயிற்றுப்போக்குக்கு வழியாகக்கூடிய குழாய்த் தண்ணீரையும் சோதிப்போம். அதைச் சோதனைக் குப்பியில் ஊற்றி வைத்தால், மலக்கிருமி இருக்கும்போது ஓரிரு நாளில் கறுத்துவிடும். குடிநீர்த் தொட்டிக்கு அருகிலுள்ள குழாயில் மட்டும் பார்த்துப் பயனில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பல ஊர்களில் குப்பை மேடு தலித் மக்கள் வாழும் காலனியை ஒட்டியே இருக்கிறது. கடைசிக் குழாயும் அங்கேதான். நம் ஊரிலும் அப்படித்தான் என்று வரைபடம் காட்டினால் அதைத் திருத்தி வரைய மாட்டோம். கிராம சபையில் அப்படியே வைப்போம்.

உங்களுக்கு இருக்கக்கூடிய தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. வெளியிலிருந்து வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போனவர்கள் அதன் முடிவைச் சொல்லத் திரும்பி வருவதில்லை. இந்த ஆய்வில் பெற்றோர் கையெழுத்தும் பிள்ளையின் சம்மதமும் இல்லாமல் யாரையும் அளக்க மாட்டோம். உயரமும் எடையும் தனி அறையில் பார்க்கப்படும். எடையை உரக்கப் படிப்பதோ படம் எடுப்பதோ கிடையாது. ரத்தப் பரிசோதனை எங்கள் வேலையில்லை. உடல் மெலிந்த பிள்ளை என்று தெரிந்தால் பெற்றோரிடம் மட்டும் சொல்லி, கிராம சுகாதார செவிலியரிடம் கூட்டிப்போவோம். எந்த வீட்டின் பெயரும் அறிக்கையில் இருக்காது.

நம் தூய்மைக் காவலர்களுக்கும் இதில் இடம் உண்டு. எந்தத் தெருவில் என்ன விழுகிறது என்பது அவர்களைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. நிறுக்கும் நாட்களில் அவர்களுக்குக் கையுறையும் காலணியும் கூலியும் தர, எங்களால் இயன்றதைத் திரட்டியிருக்கிறோம். இன்னும் தேவைப்படுகிறது.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிறு காலை பள்ளி வளாகத்தில் கூடுகிறோம். முதல் அளவை ஆகஸ்டில், இரண்டாவது ஐப்பசி மழையில். மழைக்காலத்தில்தான் ஓடை ஊருக்குள் வருகிறது. அப்போது பார்க்காவிட்டால் பாதிதான் தெரியும். இரண்டின் முடிவையும் ஜனவரி 26 கிராம சபையில் வாசித்து, குப்பை கொட்டும் இடத்தை மாற்றவும், தொட்டியைக் குறித்த நாளில் கழுவவும் தீர்மானம் கேட்போம். கிராம சபைத் தீர்மானத்தை ஊராட்சி எளிதில் தள்ளிவிட முடியாது. அன்று எண்ணிக்கை பலம் வேண்டும், வந்து உட்காருங்கள்.

இப்போது கேட்பவை இவை: தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். கடைக்காரர்கள் ஞாயிறுகளில் ஒரு தராசு இரவல் தர வேண்டும். குப்பை கேட்டு வாசலில் நிற்பவர்களிடம் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் மட்டும் எதையும் ஒளிக்காமல், பிரிக்காமல், உள்ளபடியே கொடுங்கள். பெயர் தர விரும்புவோர் அங்கன்வாடியிலோ சத்துணவுக் கூடத்திலோ சொல்லிவிட்டுப் போகலாம்.