பூஞ்சைக்கும் சோதனை வேண்டும்



மூளைக்காய்ச்சல் பற்றிய உங்கள் கட்டுரையில் பூஞ்சைத் தொற்றையும் விளக்கியிருக்கலாம். 2012-இல் அமெரிக்காவில், முதுகிலும் மூட்டிலும் போடப்பட்ட பூஞ்சையால் மாசுபட்ட ஸ்டீராய்டு ஊசியால் 750-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 64 பேர் இறந்தனர். மூளையுறை பாதிக்கப்பட்ட பலரின் தண்டுவட நீரை வளர்ப்புச் சோதனைக்கு வைத்தும் பூஞ்சை வளரவில்லை. ஆனால் பூஞ்சையின் செல்சுவரில் உள்ள பீட்டா-டி-குளுக்கான் அந்த நீரில் மிகுந்திருந்தது. சிகிச்சை பலித்தவர்களிடம் அதன் அளவு இறங்கியது. 2023-இல் மெக்சிகோவின் மட்டமோரோஸ் நகரில், முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பூஞ்சை தாக்கியபோதும் இந்தக் குளுக்கானை அளக்கும் சோதனை கைகொடுத்தது. முதுகில் ஊசி போட்டபின் விடாத தலைவலியோடு வருபவருக்கு, வளர்ப்புச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் இதையும் உடனே செய்ய வேண்டும். இந்நோயில் தாமதம் உயிரைப் பறிக்கும்.

– வாசகர், கரூர்